வாக்ஸா, சீலன்ட்டா, செராமிக்கா? தர்மபுரி, கிருஷ்ணகிரி கார்களுக்கான கேள்வி பதில்

கார் பெயின்டைக் காப்பாற்ற என்ன பூசலாம் என்று கேட்டால், கடைக்காரர் டப்பாவைக் காட்டுவார். ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் பெயின்ட் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூன்று: கல் தூசி, உப்புத் தண்ணீர், வெயில். மூன்றையும் ஒரே டப்பா தீர்க்காது. எது எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் மிஞ்சும்.

வாக்ஸ், சீலன்ட், செராமிக் கோட்டிங். மூன்றுக்கும் அடிப்படையில் என்ன வித்தியாசம்?

வாக்ஸ் என்பது மெழுகு. நல்ல டப்பாக்களில் இருப்பது கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் இருந்து எடுப்பது. தனியாக இருந்தால் கல் மாதிரி இறுகியிருக்கும், 82 முதல் 86 டிகிரி வெப்பத்தில்தான் உருகும். கையால் தேய்க்க வசதியாக எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகும் கலந்துதான் விற்கிறார்கள். அந்தக் கலவை அதற்கு முன்பே இளகிவிடும். மே மாத வெயிலில் கறுப்புக் காரின் பானட் 70 டிகிரியைத் தாண்டும். அதனால்தான் டப்பாவில் மூன்று மாதம் என்று போட்டிருக்கும் வாக்ஸ் இங்கே வெளியில் நிற்கும் காரில் நாலு முதல் எட்டு வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை. பளபளப்பு என்னவோ அருமையாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது.

சீலன்ட் ஆலையில் செய்த பாலிமர், பெரும்பாலும் சிலிகோன் வகை. பூசிய பின் 12 முதல் 24 மணி நேரத்தில் பெயின்டின் மேல் பிடித்துக்கொள்ளும். வெயிலுக்கு வாக்ஸைவிட நன்றாகத் தாங்கும். மூன்று முதல் ஆறு மாதம் எதிர்பார்க்கலாம்.

செராமிக் கோட்டிங் சிலிக்காவை அடிப்படையாகக் கொண்ட திரவம். காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து இறுகி, பெயின்டோடு ஒட்டிவிடும். ஷாம்பு போட்டாலோ கரைப்பானால் துடைத்தாலோ போகாது. பாலிஷ் போட்டுத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒழுங்காகப் பராமரித்தால் வருடக்கணக்கில் நிற்கும். கனம் என்று பார்த்தால் ஒன்றிரண்டு மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கம்பெனி பெயின்டின் மேலடுக்கான கிளியர் கோட்டே 35 முதல் 50 மைக்ரான் இருக்கும். இந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பல இடத்தில் உதவும்.

நம்ம ஊருக்கு எது சரி? ஒரே வரியில் சொல்லுங்கள்.

போர் தண்ணீரில் கழுவி, வெளியில் நிறுத்தும் காருக்கு நல்ல சீலன்ட், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. வீட்டில் மூடிய ஷெட் இருந்து, உப்பில்லாத தண்ணீரும் கிடைத்து, கழுவும் பொறுப்பை நீங்களே வைத்துக்கொண்டால் செராமிக்குக்குச் செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காரோடு மல்லுக்கட்டுவது பிடிக்கும் என்பவர்களுக்கு வாக்ஸ்.

தினமும் காலையில் வாட்ச்மேனோ டிரைவரோ பழைய துணியை ஒரு வாளியில் நனைத்துக் காரைத் துடைக்கும் வழக்கம் இருந்தால், எதைப் போட்டாலும் வீண். முதலில் அதை நிறுத்துங்கள்.

9 எச் கோட்டிங் போட்டால் கோடே விழாது என்கிறார்களே?

அந்த 9 எச் பென்சில் கணக்கு. பென்சில்களில் 6 பி மிருது, 9 எச் கடினம் என்ற வரிசை உண்டல்லவா, ஆய்வகத்தில் அந்தப் பென்சிலை ஒரு சாய்வில் வைத்து அழுத்தி இழுத்து, பூச்சு கீறுகிறதா என்று பார்ப்பார்கள். பென்சில் முனை கிராஃபைட்டும் களிமண்ணும். நம் சாலையில் பறப்பது அதுவல்ல.

கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் குவாரி, பாலிஷ் பட்டறை, கிரஷர் எல்லாம் இருக்கின்றன. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் என்ற கனிமக் கடினத்தன்மை அளவில் 7, ஃபெல்ட்ஸ்பார் 6. ஜன்னல் கண்ணாடி ஐந்தரைதான். கண்ணாடியையே கீறும் துகள் அது. ஒன்றிரண்டு மைக்ரான் கனமுள்ள பூச்சு அதைத் தடுக்கும் என்று நம்பக்கூடாது. பென்சில் அளவின் 9-ஐயும் மோஸ் அளவின் 9-ஐயும் ஒன்று போலக் காட்டுவது விற்பனைத் தந்திரம்.

கோட்டிங் செய்வது வேறு வேலை. வழவழப்பாக இருப்பதால் தூசி இறுக்கமாக ஒட்டாது, தண்ணீர் அடித்தவுடன் பாதி தானே போய்விடும். துடைக்கும்போது துணிக்குக் கீழே சிக்கும் துகள் குறையும். கோடு குறைவது அதனால்தான். அதாவது, கழுவும் முறை சரியாக இருந்தால் மட்டும்.

கல் தூசி படிந்த காரை எப்படிக் கழுவுவது?

காய்ந்த தூசியின் மேல் எதுவும் படக்கூடாது. துணி, சேலைத் துண்டு, கடையில் விற்கும் வால் மாதிரியான டஸ்டர், எதுவும். வெயிலிலோ பல்பு வெளிச்சத்திலோ பார்த்தால் அந்த ஒளியைச் சுற்றி வட்டவட்டமாகத் தெரியும் மெல்லிய கோடுகள் பெரும்பாலும் இந்த உலர் துடைப்பில் வந்தவைதான். கறுப்பு, அடர் நீலம், அடர் சிவப்புக் கார்களில் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் கோடு இல்லாமல் இல்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை.

காரை நிழலில் நிறுத்தி, பானட் கையால் தொடும் அளவு ஆறட்டும். பிரஷர் வாஷர் இருந்தால் முனையை ஒரு அடி தள்ளிப் பிடித்து மேலிருந்து கீழாக அடியுங்கள். இல்லையென்றால் ஹோஸ் பைப்பே போதும், கூடுதல் நேரம் எடுக்கும். பிறகு ஷாம்பு நுரை போட்டு மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, காய்வதற்குள் மறுபடி தண்ணீர். இதுவரை கை படவே இல்லை. பெரும்பாலான கல் தூசி இப்போதே கீழே போயிருக்கும்.

அதன் பிறகு இரண்டு வாளி. ஒன்றில் பிஎச் சமநிலையான, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, கார் ஷாம்பு, பத்து லிட்டருக்குப் பாட்டிலில் சொன்ன அளவு (பொதுவாக 20 முதல் 30 மில்லி). இன்னொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புவில் முக்கி ஒரு கதவைத் துடைத்ததும் வெறும் தண்ணீர் வாளியில் அலசி, அப்புறம்தான் மறுபடி ஷாம்பு. கூரை, கண்ணாடி, பானட், கதவின் மேல் பாதி, கடைசியாகக் கீழ்ப் பாதியும் பம்பரும். கீழ்ப் பாதிக்கு வேறு கையுறை வைத்துக்கொள்வது நல்லது. கழுவி முடித்த பிறகு வெறும் தண்ணீர் வாளியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்படும் துகள் எல்லாம், இந்த வாளி இல்லாவிட்டால், கதவில் கோடாகியிருக்கும்.

துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம். ஒருமுறை போட்டால் பெயின்ட் உரிந்துவிடாது. வாக்ஸும் சீலன்ட்டும் சீக்கிரம் போய்விடும், ரப்பர் வெளிறும்.

கோட்டிங் போட்ட பிறகுதான் வெள்ளைப் புள்ளி அதிகமாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, இது பலருக்கும் நடக்கிறது. கோட்டிங் போடாத பெயின்டில் தண்ணீர் தகடாகப் பரவி வழியும். கோட்டிங் மேல் உருண்டு முத்து முத்தாக நிற்கும். அந்த முத்து ஒவ்வொன்றும் நின்ற இடத்திலேயே வெயிலில் வற்றி, தன்னிடம் இருந்த உப்பு முழுவதையும் ஒரே வட்டத்தில் விட்டுவிட்டுப் போகும். தண்ணீர் மென்மையாக இருந்தால் ஒன்றும் தெரியாது. நம் போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம், சிலிக்கா எல்லாம் இருக்கிறது. விளம்பரப் படத்தில் அழகாகத் தெரியும் முத்துதான் இங்கே தொல்லை.

புள்ளி புதிதாக இருந்தால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து துணியை நனைத்து, புள்ளி மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். நிழலில் மட்டும், பெயின்ட் ஆறிய பிறகு. துடைத்து நிறைய தண்ணீரால் அலசிவிடுங்கள். கால்சியம் வகைப் படிவு கரைந்துவிடும். சிலிக்காப் படிவு வினிகருக்கு அசையாது. அது மாதக்கணக்கில் நின்றால் பாலிஷ் ஒன்றே வழி, அத்தோடு கோட்டிங்கும் அந்த இடத்தில் போகும். ஆகவே புள்ளி எடுப்பதைவிட, கழுவியவுடன் காரை ஈரம் போகத் துடைப்பதுதான் முக்கியம். தடிமனான மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு இழுத்தால் போதும், அழுத்தித் தேய்க்க வேண்டாம். கண்ணாடி ஓரம், பக்கக் கண்ணாடியின் அடி, கதவுக் கைப்பிடிக்குள் தங்கும் தண்ணீரை ஊதியோ துணி முனையாலோ எடுங்கள். இரண்டு நிமிடம் கழித்து ஒழுகி வந்து கோடு போடுவது அந்தத் தண்ணீர்தான்.

தர்மபுரி தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, அது பெயின்டை அரிக்குமா?

அரிக்காது. குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை, வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. அதைத் தாண்டிச் சில மில்லிகிராம் இருந்தால் பல்லுக்கும் எலும்புக்கும் கெடுதல். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பெயின்டுக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. காரில் புள்ளி போடுவது கடினத்தன்மை தரும் உப்புகள்.

அப்படியானால் எந்தத் தண்ணீரில் கழுவுவது? ஒகேனக்கல் தண்ணீரை வீணாக்க மனசு வரவில்லை.

வரவும் வேண்டாம். முழுக் கழுவலுக்கும் போர் தண்ணீரே இருக்கட்டும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி நல்ல தண்ணீர் போதும். மழைநீர் மிகச் சிறந்தது. மாடியில் இருந்து ஒரு டிரம்முக்குப் பைப் விட்டால் ஐப்பசி, கார்த்திகையில் தாராளமாகக் கிடைக்கும். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரும் ஏறக்குறைய உப்பே இல்லாதது. கோடையில் படுக்கையறை ஏசியின் பைப்பை வாளிக்குள் விட்டால் ஒரு ராத்திரிக்குச் சில லிட்டர் சேரும். பானட்டுக்கும் கூரைக்கும் அதுவே போதும்.

ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரைக் காருக்கு ஊற்றுவது பலர் வீட்டில் நடக்கிறது. சிக்கனம் என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் அதில் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். மெஷின் நல்ல தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை இந்தப் பக்கம்தான் தள்ளுகிறது. தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், பேனா மாதிரி வரும் டிடிஎஸ் மீட்டரை இரண்டு தண்ணீரிலும் விட்டுப் பாருங்கள். கடைசி அலசலுக்கு 100-க்குக் கீழே காட்டும் தண்ணீர் நல்லது.

காரை மாமரத்தடியில்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. எதைப் போடலாம்?

சந்தூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மாமரத்தால் மூன்று தொல்லை, மூன்றும் வெவ்வேறு மாதத்தில்.

பூ எடுக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சி பூங்கொத்தில் சாறு உறிஞ்சி, தேன் போன்ற பிசுபிசுப்பைக் கீழே தெளிக்கும். அதில் தூசி ஒட்டி, பிறகு கரும்பூசணம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளுக்குள் வெதுவெதுப்பான ஷாம்பு தண்ணீரில் போய்விடும். ஒரு மாதம் விட்டால் போகாது. காய் பறிக்கும் பருவத்தில் காம்பில் இருந்து வடியும் பால் கையையே புண்ணாக்கும், பெயின்டை விடுமா? அது காய்ந்து பிசினாகியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியை ஒரு நிமிடம் ஒற்றி வைத்து இளக்கி எடுங்கள். நகத்தாலோ ஏடிஎம் கார்டாலோ சுரண்டாதீர்கள். பழம் பழுத்தால் வவ்வாலும் பறவையும் வரும்.

பறவை எச்சம்தான் இருப்பதிலேயே மோசம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயிலில் பெயின்ட் சூடாகி இளகி விரியும், மேலே எச்சம் காய்ந்து இறுகும், சாயங்காலம் பெயின்ட் குளிர்ந்து சுருங்கும்போது அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். கோடையில் ஒரு பகல் போதும். வாக்ஸ் இருந்தால் வாக்ஸ் முதலில் அரிபடும். செராமிக் இருந்தால் உங்களுக்குச் சில மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நாள் முழுக்க விட்டால் எதுவும் காப்பாற்றாது. டிக்கியில் ஒரு தண்ணீர் ஸ்பிரே பாட்டிலும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் எப்போதும் இருக்கட்டும். ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, வழித்து எடுங்கள்.

மரத்தடிக் காருக்கு எங்கள் சிபாரிசு சீலன்ட்தான். அடிக்கடி ஷாம்பு, அடிக்கடி ஆல்கஹால் என்று படும் காரில் மலிவாகத் திரும்பப் போடக்கூடியதுதான் வேண்டும். கவர் போடலாமே என்றால், தூசி படிந்த காரின் மேல் கவர் போடுவது உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். காற்றில் அது ஆடிக்கொண்டேயிருக்கும்.

பூசுவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பூசும் வேலை ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் உள்ள வேலை அரை நாள். பெரும்பாலான கோட்டிங் சீக்கிரம் போவதற்குக் காரணம் இந்த அரை நாளைச் சுருக்குவதுதான்.

மேலே சொன்னபடி கழுவிய பிறகு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானட்டைத் தடவுங்கள். சொரசொரவென்று இருந்தால் பெயின்டில் துகள் ஏறியிருக்கிறது. ஓசூர் சிப்காட் பக்கம் நிற்கும் கார்களில், ரயில் பாதையோரக் கார்களில், பிரேக் தூசி படும் சக்கர வளைவில் இது இரும்புத் துகளாக இருக்கும். அயர்ன் ரிமூவரை அடித்தால் இரும்பு உள்ள இடம் ஊதாவாக மாறி வழியும். அழுகிய முட்டை வாடை வரும், பயப்பட வேண்டாம். நாலைந்து நிமிடம், காயவிடாமல் அலசிவிடுங்கள்.

நான்குவழிச் சாலையில் ரோடு போடும் வேலை நடக்கும் இடத்தைத் தாண்டி வந்தால் கதவின் கீழே கறுப்புத் தார்ப் பொட்டு இருக்கும். அதற்கு டார் ரிமூவர். மண்ணெண்ணெயும் தாரைக் கரைக்கும், ஆனால் எண்ணெய்ப் படலம் விட்டுவிடும். அதன் மேல் எதுவும் பிடிக்காது.

பிறகு கிளே பார், பெயின்டில் ஏறிய துகளை ஒட்டி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. ஒரு காருக்கு 50 கிராம் தாராளம். தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீரை நிறைய தெளித்து, நேர்கோட்டில் லேசாக வழுக்கி ஓட்டுங்கள். சொரசொரப்பு நின்றதும் அடுத்த இடம். அழுக்கானால் மடித்துப் புதுப் பக்கம். கீழே விழுந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு; மண் எடுத்த கிளே ஒரே இழுப்பில் கதவைக் கீறும்.

கோடுகள் இருந்தால் இப்போது பாலிஷ். நல்ல பாலிஷ் ஒரு தடவைக்கு ஒன்று முதல் மூன்று மைக்ரான் கிளியர் கோட்டை எடுக்கும். 35 முதல் 50-தான் மொத்தமே. வெயிலில் இருந்து பெயின்டைக் காப்பது அதற்குள் இருக்கும் புற ஊதாத் தடுப்புதான். வருடா வருடம் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பாக்கும் கார்களில் ஐந்தாறு வருடத்தில் கூரை வெள்ளையாகி உரிவது இதனால்தான். கோடு லேசாக இருந்தால் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

கடைசியாக, பாலிஷ் எண்ணெயை எடுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் 200 மில்லியுடன் பேட்டரி வாட்டர் (உப்பில்லாத தண்ணீர், பேட்டரி ஆசிட் அல்ல) 800 மில்லி கலந்து தெளித்துத் துடையுங்கள். வாக்ஸ் மட்டும் போடுவதானால் இந்தப் படி தேவையில்லை. சீலன்ட்டுக்கும் செராமிக்குக்கும் கட்டாயம்.

சீலன்ட் அல்லது வாக்ஸ் போடும் முறை?

இரண்டுக்கும் ஒரே விதி: மெல்லிசாக. ஹேட்ச்பேக் முழுவதுக்கும் சீலன்ட் 25 முதல் 30 மில்லி, பேஸ்ட் வாக்ஸ் என்றால் 10 முதல் 15 கிராம். அதிகம் பூசினால் அதிகம் காக்கும் என்று இல்லை. மேலே பிடிக்காதது துடைக்கும்போது துணியோடு வரும், வராதது கோடு கோடாக நிற்கும். நுரை அப்ளிகேட்டரில் ஒரு புள்ளி வைத்து ஒரு கதவுக்குப் பரப்புங்கள். விரலால் இழுத்துப் பார்த்து, ஈரமில்லாமல் தெளிவாக வழித்துக்கொண்டு வந்தால் துடைக்கும் நேரம். சீலன்ட் போட்ட அன்று கார் நனையக்கூடாது, முடிந்தால் மறுநாள் காலை வரை.

கறுப்புப் பிளாஸ்டிக் பட்டையில் வாக்ஸ் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து சுலபத்தில் போகாது. மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

செராமிக்கை வீட்டிலேயே போடலாமா?

போடலாம், மூடிய இடம் இருந்தால். தெருவில், வேப்பமரத்தடியில் வேண்டாம். வெப்பம் 20 முதல் 30 டிகிரிக்குள் இருந்தால் வேலை நிதானமாக நடக்கும். மாசி, பங்குனியில் அதிகாலை இதற்குத் தோது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியில் தகடு மேல் ஈரம் படியும், அப்போது கூடாது.

ஹேட்ச்பேக்குக்கு ஒரு பூச்சுக்கு 20 முதல் 30 மில்லி, பெரிய எஸ்யுவிக்கு 40 முதல் 50. நைட்ரைல் கையுறையும் கரைப்பான் ஆவிக்கான முகமூடியும் அவசியம்; சாதா துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஒரு தடவைக்கு இரண்டடிக்கு இரண்டடி மட்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பியதும் வானவில் நிறம் தெரியும். ஒன்று முதல் மூன்று நிமிடத்தில் துடைக்க வேண்டும். 35 டிகிரி சூட்டில் அரை நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். முதல் துணியால் எடுத்து, இரண்டாவது துணியால் சமன் செய்யுங்கள். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தால், விடுபட்ட இடம் அடர்ந்த பொட்டாகத் தெரியும். அரை மணி, ஒரு மணிக்குள் பார்த்துவிட்டால் அதன் மேலேயே கொஞ்சம் கோட்டிங் தடவினால் இளகும், துடைத்துவிடலாம். மறுநாள் பார்த்தால் பாலிஷ் மெஷின்தான்.

24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது, ஏழு நாளைக்கு ஷாம்பு கூடாது. துடைத்த துணியைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாதீர்கள். அதில் இறுகிய சிலிக்கா இருக்கும், அடுத்த முறை கீறும்.

புதுக் கார் டெலிவரியில் டெஃப்லான் அல்லது செராமிக் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

டெஃப்லானுக்கு உடனே இல்லை என்று சொல்லிவிடலாம். தோசைக்கல்லில் அது பிடிப்பது, 300 டிகிரிக்கு மேல் சூட்டில் உருக்கி ஒட்டுவதால். காரை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் காரே இருக்காது. அந்தப் பெயரில் போடுவது பெரும்பாலும் ஒரு சீலன்ட். கெடுதல் இல்லை, விலைக்குத்தான் பொருந்தாது. கிராஃபீன் என்று விற்பதும் செராமிக் அடிப்படையில் கிராஃபீன் வகைப் பொருளைச் சேர்த்ததே. புள்ளி குறையும் என்கிறார்கள். போர் தண்ணீரில் கழுவினால் அதிலும் புள்ளி விழும்.

செராமிக் என்றால் கேளுங்கள்: எந்தப் பாட்டில், என் முன்னால் சீல் உடைப்பீர்களா? பூசும் முன் கிளே, பாலிஷ் உண்டா? எத்தனை மணி நேரம் கார் உங்களிடம் நிற்கும்? காலையில் கொடுத்து மதியம் எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால் முன்வேலை நடக்கப்போவதில்லை. வாரன்ட்டி அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். தண்ணீர்ப் புள்ளி, பறவை எச்சம், கோடு மூன்றும் விலக்கு என்று எழுதியிருந்தால், மிச்சம் எதற்கு வாரன்ட்டி என்று அவர்களிடமே கேட்கலாம். வருடா வருடம் கட்டணப் பராமரிப்புக்கு வந்தால்தான் செல்லும் என்ற வரியும் இருக்கும்.

தொப்பூரில் லாரி டயர் தெறித்த கல்லில் பானட் பொத்தலாகிவிட்டது. கோட்டிங் தடுக்குமா?

தடுக்காது. கல்லடிக்கு பிபிஎஃப் என்னும் யூரிதேன் ஃபிலிம் ஒன்றுதான். 150 முதல் 200 மைக்ரான் கனம், அடியை வாங்கிக்கொள்ளும். கார் முழுக்க ஒட்டினால் விலை மிக அதிகம். முன் பம்பர், பானட்டின் முன்பகுதி, பக்கக் கண்ணாடி இவற்றுக்கு மட்டும் ஒட்டினால் சேலம், பெங்களூரு ரோட்டில் தினம் ஓடுபவர்களுக்குப் போதும். ஜல்லி, எம்சாண்ட் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் ஒட்டிப் போகாமல் இருப்பது இன்னும் மலிவு.

ஒன்றின் மேல் ஒன்று போடலாமா?

சீலன்ட் மேல் வாக்ஸ் போடலாம். வாக்ஸ் மேல் சீலன்ட், செராமிக் இரண்டும் பிடிக்காது. செராமிக் மேல் சிலிக்கா ஸ்பிரே போடுவது நல்ல வழக்கம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

டிங்கரிங், பெயின்டிங் செய்த கதவுக்கு எப்போது பூசலாம்?

பட்டறைப் பெயின்டுக்குள் இருக்கும் கரைப்பான் வெளியேற நாளாகும். பெயின்டர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் ஒரு மாதம் எதுவும் பூசாதீர்கள், வாக்ஸுக்கு இரண்டு மாதம் விட்டால் நல்லது. அதுவரை வெறும் தண்ணீர்க் கழுவல். அவசரப்பட்டு மூடினால் மங்கலாகும், சில சமயம் கொப்பளிக்கும்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைத்தால் கோட்டிங் போகுமா?

போகாது. கறை பிடிப்பதும் கீறுவதும்தான் பிரச்சினை. மஞ்சளும் குங்குமமும் வெள்ளைக் காரில் சாயம் விடும், விபூதியும் காய்ந்த சந்தனமும் உலர்வாகத் துடைத்தால் கீறும். பொட்டைக் கண்ணாடியிலோ நம்பர் பிளேட் மேலோ வையுங்கள். பெயின்டில் வைத்தே ஆக வேண்டும் என்றால் மறுநாளே ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுங்கள். நசுக்கிய எலுமிச்சைச் சாறு கதவின் அடியில் தெறித்திருக்கும், அதையும் பாருங்கள். பானட்டில் கட்டிய வாழைக்கன்றும் மாலையும் ஓட்டத்தில் உரசிக்கொண்டே இருக்கும். கோயிலில் இருந்து வீடு வந்ததும் அவிழ்த்துவிடலாம்.

வாட்டர் சர்வீஸில் கழுவிய பிறகு டீசல் கலந்த ஆயில் அடிக்கிறார்கள். அது பாதுகாப்புத்தானே?

அடிப்பாகத்துக்கு அடிக்கும் வழக்கம் அது. ரப்பர் புஷ்களுக்கே நல்லதல்ல, அதில் தூசி அப்பிக்கொள்ளும். கதவில் பட்டால் சீலன்ட்டையும் வாக்ஸையும் கரைக்கும். வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அலாய் சக்கரத்தை வெளுக்க ஆசிட் அடிக்கும் இடமானால், அந்தத் துளி கதவில் படும். வேறு கடை பாருங்கள். லாரி கழுவிய அதே பிரஷ்ஷைக் காரில் வைத்தாலும் அப்படியே.

பூச்சு போய்விட்டது என்று எப்படித் தெரியும்?

நன்றாகக் கழுவிய பிறகு ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முத்தாக உருண்டு ஓடினால் இருக்கிறது, தகடாகப் பரவிச் சோம்பலாகத் தேங்கினால் போய்விட்டது அல்லது மேலே அழுக்கு அடைத்திருக்கிறது. செராமிக் என்றால் முதலில் அழுக்கைச் சந்தேகியுங்கள். ஒரு அயர்ன் ரிமூவர் கழுவலும் வினிகர் துடைப்பும் செய்துவிட்டு மறுபடி ஊற்றினால் பல கார்களில் பழையபடி ஓடும். கூரையும் பானட்டும் முதலில் போகும், கதவுகள் கடைசியில். அதனால் சீலன்ட்டை இரண்டு மாதத்தில் கூரைக்கும் பானட்டுக்கும் மட்டும் ஒருமுறை போட்டு, முழுக் காருக்கு நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பழைய கார், பெயின்ட் வெளிறிவிட்டது. இனி எதற்குச் செலவு?

முதலில் பானட்டின் ஒரு மூலையில் பாலிஷ் தேய்த்துத் துணியைப் பாருங்கள். காரின் நிறம் துணியில் வந்தால் அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயின்ட், பழைய சாதா நிறக் கார்களில் இருக்கும். வெளிறிய மேல் படலம் போனால் கீழே நல்ல நிறம் இருக்கும், எண்ணெய்ப்பசை உள்ள வாக்ஸ் அதற்கு மிகவும் பொருந்தும். துணி வெள்ளையாகவே இருந்து, கூரையில் வெள்ளைத் திட்டாக உரிகிறது என்றால் கிளியர் கோட் போய்விட்டது. அதன் மேல் எதைப் பூசினாலும் ஒட்டாது. அந்தப் பணத்தைக் கூரைக்கு மட்டும் மறுபெயின்ட் அடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

மேட் ஃபினிஷ் காருக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன பாலிஷ், வாக்ஸ் இரண்டும் கூடாது. தேய்த்த இடம் பளபளத்துவிடும், திரும்ப மங்கலாக்க வழி கிடையாது. மேட்டுக்கென்றே வரும் சீலன்ட் மட்டும்.